தந்தைக்கு முந்தையோர்: கிரேக்க வரலாற்றெழுத்தின் தெளிவற்ற தொடக்கம்

கிரேக்கரிடையே வரலாறு எழுதும் வழக்கம் யாரிடம் தொடங்கியது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் ஹெரோடோட்டஸ் என்ற ஒரே பெயரை விடையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ‘வரலாற்றின் தந்தை’ என்று அவரை அழைத்தவர் கி.மு. முதலாம் நூற்றாண்டின் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. அதே வாக்கியத்தில் ஹெரோடோட்டஸின் நூலில் எண்ணிலடங்காத கட்டுக்கதைகள் இருப்பதாகவும் அவர் சொல்லியிருக்கிறார் என்பதைப் பட்டத்தை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஆனால் தாமே முதல்வர் என்று ஹெரோடோட்டஸ் எங்கும் உரிமை கொண்டாடவில்லை. தமக்கு முன் உரைநடையில் எழுதிய மிலெட்டஸ் நகரத்து ஹெகடேயஸை அவர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். பெயர் சொல்லாமல் வேறு பலருடைய கூற்றுகளோடும் வழக்காடுகிறார். அந்த வேறு பலர் யார், அவர்களுள் எத்தனை பேர் அவருக்கு முன்னே எழுதினார்கள், எத்தனை பேர் அவரோடு ஒரே காலத்தில் எழுதினார்கள் என்பதே இன்றுவரை முடிவு காணாத வழக்கு.

வழக்கின் முதல் ஆவணம், சம்பவம் நடந்து நான்கு நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. ஹெரோடோட்டஸ் பிறந்த அதே ஹாலிகார்னாசஸ் ஊரைச் சேர்ந்த டயோனிசியஸ், கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ரோமில் தங்கி எழுதியவர். ஹெரோடோட்டஸுக்கு அடுத்துவந்த வரலாற்றாசிரியரான துசிடிடீஸைப் பற்றிய தம் கட்டுரையின் ஐந்தாம் பகுதியில் அவர் பழைய வரலாற்றெழுத்தாளர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறார். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே கி.மு. 431இல் மூண்ட பெலொப்பொனீசியப் போருக்கு முன் வாழ்ந்தோர் என்று ஹெகடேயஸ், அர்கோஸ் நகரத்து அக்கூசிலாவஸ், லாம்ப்சாகஸ் நகரத்துக் காரோன் முதலிய சிலரையும், அந்தப் போருக்குச் சற்று முன் தொடங்கித் துசிடிடீஸ் காலம்வரை நீடித்தோர் என்று லெஸ்போஸ் தீவின் ஹெல்லானிகஸ், லிடியா நாட்டு ஸாந்தஸ் முதலிய வேறு சிலரையும் இரண்டு வரிசைகளில் நிறுத்துகிறார். இவர்கள் அனைவருக்கும் நோக்கம் ஒன்றே என்பது அவர் கணிப்பு: கோயில்களிலும் பொது இடங்களிலும் உள்ளூர் மக்கள் காத்துவந்த பதிவுகளை, எதையும் கூட்டாமலும் குறைக்காமலும், இனவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்து எல்லோரும் அறியும்படி வெளியிடுவது. அதற்குப் பிறகு வந்த ஹெரோடோட்டஸ் ஓர் ஊரின் கதையோடு நில்லாமல் ஐரோப்பா, ஆசியா இரண்டின் நிகழ்ச்சிகளையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்தார் என்கிறார் டயோனிசியஸ்.

சிற்றோடைகள் சேர்ந்து ஆறாவதுபோல் ஊர்க்குறிப்புகள் சேர்ந்து பெருவரலாறு ஆயிற்று என்னும் இந்தச் சித்திரம் படிக்க எளிதாகவும் நம்ப இனிதாகவும் இருக்கிறது. அதை அப்படியே ஏற்க முடியாமல் செய்பவர்களுள் டயோனிசியஸும் ஒருவர். அதே கட்டுரையில் பின்னொரு இடத்தில், பழையவர்களின் எழுத்துகளுள் பெரும்பாலானவை தம் காலம்வரை வந்து சேரவில்லை என்றும், வந்தவற்றிலும் மிலெட்டஸ் நகரத்துக் காட்மஸ் போன்றோரின் பெயரில் வழங்குபவற்றை அவர்களுடையவை என்று எல்லோரும் ஒப்புவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். உரைநடையைத் தொடங்கிவைத்தவர் என்று பிற்காலத்தார் கொண்டாடிய காட்மஸிடமிருந்து நம்பத்தக்க ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அக்கூசிலாவஸைப் பற்றிப் பத்தாம் நூற்றாண்டின் பைசாந்தியக் கலைக்களஞ்சியமான சூடா சொல்லும் செய்தி இன்னும் சுவையானது: அவருடைய தந்தை வீட்டில் ஓரிடத்தைத் தோண்டியபோது கிடைத்த வெண்கலத் தகடுகளிலிருந்தே அவர் தம் வம்சாவளி நூலைத் தொகுத்தாராம். நூலுக்குச் சான்று எங்கே என்று எவரோ கேட்டிருக்க வேண்டும். கேள்விக்கு விடையாக மண்ணுக்குள்ளிருந்து தகடுகள் வந்துவிட்டன.

இந்த எழுத்தாளர்களுள் ஒருவரின் நூலும் முழுமையாகக் கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பவை பிறர் எடுத்தாண்ட துணுக்குகள் மட்டுமே. எடுத்தாண்டவர் எதற்காக எடுத்தாரோ அந்த வடிவத்தில்தான் துணுக்கு பிழைத்திருக்கிறது. ஹெகடேயஸின் பெயரில் 350க்கும் மேற்பட்ட துணுக்குகள் எண்ணப்படுகின்றன, பெரிய தொகைதான். ஆனால் அவற்றுள் பெரும்பகுதி, கி.பி. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்டீபனஸ் என்பவர் தொகுத்த ஊர்ப்பெயர் அகராதியிலிருந்து வருகிறது. அகராதிக்காரருக்குத் தேவைப்பட்டது ஊரின் பெயரும் அதன் சொல்வடிவமும்தான். ஆகவே ‘இன்ன ஊர், இன்ன இனத்தாருடையது, ஹெகடேயஸ் தம் ஐரோப்பா நூலில்’ என்ற அளவில் குறிப்பு முடிந்துவிடுகிறது. இதை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு ஹெகடேயஸ் ஊர்ப்பட்டியல் எழுதிய வறண்ட கணக்கராகத் தெரிவார். அந்த வறட்சியில் அவர் பங்கு எவ்வளவு, ஸ்டீபனஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை.

ஆனால் தற்செயலாகப் பிழைத்த வேறு சில துணுக்குகள் முற்றிலும் வேறொரு மனிதரைக் காட்டுகின்றன. அவருடைய வம்சாவளி நூலின் முதல் வரி, நடையழகு பற்றிய பிற்கால நூல் ஒன்றில் எடுத்துக்காட்டாக இடம்பெற்றதால் நமக்குக் கிடைத்தது: “மிலெட்டஸ் ஊரினனாகிய ஹெகடேயஸ் இவ்வாறு உரைக்கிறான்: எனக்கு உண்மை என்று தோன்றுகிறபடி இவற்றை எழுதுகிறேன்; ஏனெனில் கிரேக்கர் சொல்லும் கதைகள் பல; அவை எனக்கு நகைப்புக்குரியனவாகத் தெரிகின்றன.” ‘உரைக்கிறான்’ என்று படர்க்கையில் தொடங்கி, ‘எழுதுகிறேன்’ என்று தன்மைக்கு மாறுகிறது வாக்கியம். ஹோமரும் ஹெசியோடும் கலைத்தெய்வங்களை வேண்டி அவர்கள் வாயிலாகப் பேசினார்கள். இங்கே தெய்வம் எதையும் அழைக்காமல் ஒரு மனிதன் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, தனக்குத் தோன்றுவதையே அளவுகோலாக வைக்கிறான்.

அந்த அளவுகோலை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கும் சில சான்றுகள் உண்டு. எஜிப்டஸின் மகன்கள் அர்கோஸுக்கு வந்த பழங்கதையில், ஹெசியோடு ஐம்பது பேர் என்று பாடியிருக்கிறார், என் கருத்தில் இருபது பேர்கூட இல்லை என்கிறார் ஹெகடேயஸ். ஹெராக்கிளிஸ் பாதாளத்திலிருந்து இழுத்துவந்த நாய் செர்பரஸ், அவர் விளக்கத்தில் டைனரான் முனையில் வாழ்ந்த ஒரு கொடிய பாம்பு. கடிபட்டவர் உடனே மாண்டதால் அதற்குப் பாதாளத்தின் நாய் என்று பெயர் வந்ததாம். கதையைக் கதை என்று விலக்காமல், அதிலிருந்து நம்ப முடியாததைச் சீவி எடுத்துவிட்டு எஞ்சியதை நடந்த நிகழ்ச்சியாக வைத்துக்கொள்ளும் முறை இது. இன்றைய வாசகருக்கு இது பகுத்தறிவாகவும் தெரியும், அரைகுறையாகவும் தெரியும். ஐம்பதை இருபதாகக் குறைத்தவர், அந்த இருபது பேரும் இருந்தார்களா என்று கேட்கவில்லையே.

ஹெரோடோட்டஸ் தம் நூலில் இவரை இரண்டு வேடங்களில் காட்டுகிறார். கி.மு. 499இல், ஆசியா மைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கரான அயோனியர் பாரசீகத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழ ஆலோசித்தபோது, பாரசீக மன்னன் டேரியஸின் ஆட்சிக்குட்பட்ட இனங்களையெல்லாம் வரிசையாக எண்ணிக்காட்டி, இந்தப் போர் வேண்டாம் என்று தடுத்தவர் ஹெகடேயஸ். புவியியல் நூல் எழுதியவருக்குப் பொருந்தும் வாதம். மற்றொரு காட்சி எகிப்தின் தீப்ஸ் நகரில் நிகழ்கிறது. பதினாறாம் தலைமுறையில் ஒரு தெய்வத்தில் போய் முடிவதாகத் தம் வம்சாவளியை ஹெகடேயஸ் சொன்னபோது, அங்கிருந்த குருமார் 345 மரச்சிலைகளைக் காட்டி, தந்தைக்குப் பின் மகனாக வந்த இத்தனை தலைமுறைத் தலைமைக் குருக்களிலும் எவரும் தெய்வத்துக்குப் பிறக்கவில்லை என்றார்களாம். நான் என் வம்சாவளியைச் சொல்லாதபோதே எனக்கும் அவற்றைக் காட்டினார்கள் என்று ஹெரோடோட்டஸ் நடுவில் ஒரு வரி சேர்க்கும்போது, முன்னோடியைச் சற்றே சீண்டும் குரல் கேட்கிறது. இந்தச் சந்திப்பு உண்மையில் நடந்ததா, ஹெகடேயஸ் நூலில் இருந்து எடுக்கப்பட்டதா, ஹெரோடோட்டஸின் கைவண்ணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

ஹெகடேயஸின் நூல்கள் அவருடையவைதாமா என்ற ஐயமும் பழங்காலத்திலேயே எழுந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் நூற்பட்டியலைத் தொகுத்த கவிஞர் கல்லிமாக்கஸ், ஆசியாவைப் பற்றிய நூலை ஹெகடேயஸுக்கு அல்லாமல் ‘தீவுக்காரர்’ ஒருவருக்கு உரியதாகப் பதிந்திருக்கிறார். பின்னர் அதே நூலகத்துக்குத் தலைமை ஏற்ற எரட்டோஸ்தனீஸோ, ஹெகடேயஸின் மற்ற எழுத்தோடு நடை ஒத்துப்போவதால் அது அவருடையதே என்று ஏற்றார். ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே தலைமுறையில், ஒரே நூலைக் கையில் வைத்திருந்த இருவர் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள் என்றால், நூலே கையில் இல்லாத நாம் எவ்வளவு உறுதியோடு பேச முடியும்?

இருந்தும் உறுதியோடு பேசியவர் ஒருவர் இருந்தார்; கடந்த நூறு ஆண்டுகளாக இத்துறை பெரிதும் அவர் போட்ட பாதையிலேயே நடந்திருக்கிறது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் யாக்கோபி 1909இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் டயோனிசியஸின் வரிசையைத் தலைகீழாக்கினார். ஊர் வரலாறுகள் முதலில் வரவில்லை, கடைசியில்தான் வந்தன என்பது அவர் வாதம். அவர் பார்வையில் எல்லாவற்றுக்கும் ஊற்று ஹெகடேயஸ். அவரிடமிருந்து வம்சாவளித் தொகுப்பு ஒரு கிளையாகவும், நாடு மற்றும் மக்கள் பற்றிய விவரிப்பு மறுகிளையாகவும் பிரிந்தன. இரண்டாம் கிளையில் வளர்ந்த ஹெரோடோட்டஸ் புவியியலராகத் தொடங்கிப் பாரசீகப் போரின் வரலாற்றாசிரியராக முதிர்ந்தார். அந்தப் பெருவரலாற்றில் தங்கள் ஊர் விடுபட்டுப்போனதையோ குறைத்துச் சொல்லப்பட்டதையோ கண்ட நகரத்தார் பிறகே ஊர் வரலாறுகளை எழுதத் தொடங்கினர். ஏதென்ஸ் நகரின் ஆண்டுக்குறிப்புகள் அங்கிருந்த சமயச் சடங்கு வல்லுநர்களின் பழம்பதிவுகளிலிருந்து வளர்ந்தவை என்று ஜெர்மானியக் கிரேக்கவியல் அறிஞர் விலமோவிட்ஸ் சொல்லிவந்ததையும் யாக்கோபி மறுத்தார். ஏதென்ஸ் வரலாற்றை முதலில் எழுதியவர் வெளியூர்க்காரரான ஹெல்லானிகஸே என்றார். 1923 முதல் அவர் வெளியிட்டுவந்த துணுக்குத் தொகுதிகள், 800க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களை உள்ளடக்கியவை, இந்தக் கிளைப்பிரிப்பின்படியே அடுக்கப்பட்டுள்ளன. யூதப் பின்னணியினரான அவர் நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபடியும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

அந்த உழைப்பின் முன் தலைவணங்கியபடியே ஒன்றைச் சொல்லலாம். ஹெகடேயஸும் அக்கூசிலாவஸும் வீரர்களுக்கு வம்சாவளி வரைந்ததைப் போலவே, டயோனிசியஸும் சூடாவும் யாக்கோபியும் வரலாற்றாசிரியர்களுக்கு வம்சாவளி வரைந்தார்கள். மூதாதை ஒருவர், அவருக்குக் கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் ஆசானும் மாணவரும் என்று மரம் ஒழுங்காக நிற்கிறது. அந்த ஒழுங்கு சான்றுகளிலிருந்து வருவதைவிட, மரத்துக்கு வேர் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்தே அதிகம் வருகிறது. 1996இல் ராபர்ட் ஃபௌலர் எழுதிய கட்டுரை இந்த மரத்தை அசைத்தது. ஹெரோடோட்டஸைத் தனிமரமாகவும் உச்சியாகவும் பார்க்காமல், ஒரே காலத்தில் ஒருவரோடொருவர் தெரிந்தும் போட்டியிட்டும் எழுதிய பலருள் ஒருவராக வைத்துப் பார்த்தால் துணுக்குகள் இன்னும் இயல்பாகப் பொருந்துகின்றன என்பது அவர் நிலைப்பாடு. எனக்கும் இதுவே ஏற்புடையதாகப் படுகிறது. முக்கியக் காரணம், யார் முந்தையவர் என்று தீர்மானிக்க உதவும் சான்றுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடுகின்றன.

காரோனை எடுத்துக்கொள்வோம். ஹெரோடோட்டஸைவிட மூத்தவர் என்று புளூட்டார்க் அவரைக் குறிக்கிறார். அதே புளூட்டார்க் வேறொரு நூலில், ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பாரசீகத்துக்குத் தப்பிச் சென்றபோது மன்னன் ஸெர்க்ஸீஸ் இறந்துவிட்டதாகவும் அவருடைய மகனையே சந்தித்ததாகவும் காரோன் எழுதியதைச் சொல்கிறார். ஆக அவர் கி.மு. 465க்குப் பிறகு எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு பிறகு? யாக்கோபி அவரை நூற்றாண்டின் இறுதிக்குத் தள்ளினார். தள்ளவேண்டிய தேவை அவருடைய வரிசையிலிருந்து பிறந்தது. ஸாந்தஸ் வழக்கு இன்னும் சிக்கலானது. ஹெரோடோட்டஸுக்குத் தொடக்கப் பொருளைக் கொடுத்தவர் ஸாந்தஸே என்று கி.மு. நான்காம் நூற்றாண்டின் எஃபோரஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ஸாந்தஸ் பெயரில் வழங்கும் லிடியா வரலாற்றைப் பிற்காலத்தவரான வேறொரு டயோனிசியஸ், டயோனிசியஸ் ஸ்கைட்டோபிராக்கியோன் என்பவரே எழுதினார் என்று ஆர்டெமோன் என்ற அறிஞர் குற்றம் சாட்டினார். இரண்டு செய்திகளும் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களைத் தொகுத்த அதெனேயஸ் என்பவருடைய நூலின் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கின்றன.

டயோனிசியஸ் சொன்ன கோயில் பதிவுகள் உண்மையில் இருந்தனவா என்பதே அடுத்து எழும் கேள்வி. கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் கிரேக்கரைக் கடுமையாகச் சாடினார்: எகிப்தியரும் பாபிலோனியரும் காத்ததைப் போலப் பொதுப்பதிவுகளைக் கிரேக்கர் தொடக்கத்திலிருந்து காக்கவில்லை, அதனால்தான் ஹெல்லானிகஸ் அக்கூசிலாவஸோடு முரண்படுகிறார், அக்கூசிலாவஸ் ஹெசியோடைத் திருத்துகிறார், ஹெரோடோட்டஸை எல்லோருமே பொய்யர் என்கிறார்கள். தம் சமயத்தின் தொன்மையை நிலைநாட்ட எழுதிய வாதநூல் அது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் குற்றச்சாட்டில் சாரம் உண்டு. ஒலிம்பிக் வெற்றியாளர் பட்டியல் கி.மு. 776இல் தொடங்குகிறது. ஆனால் அதைத் தொகுத்து வெளியிட்டவர் ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த எலிஸ் நகரத்து ஹிப்பியாஸ். நம்பவைக்கும் அடிப்படை எதுவும் அவரிடம் இல்லை என்று பழங்காலத்திலேயே சொல்லப்பட்டதைப் புளூட்டார்க் பதிந்திருக்கிறார்.

மறுபுறம், ஏதென்ஸ் நகரின் அகோரா அகழாய்வில் கிடைத்து 1939இல் வெளியிடப்பட்ட ஒரு சிறு கல்துண்டு எதிர்த்திசையில் சாட்சி சொல்கிறது. அது கி.மு. 425ஐ ஒட்டி வெட்டப்பட்ட ஆர்கோன் பட்டியலின் ஒரு சிதறல். ஆண்டுக்கு ஒருவராகப் பதவி வகித்து அந்த ஆண்டுக்கே பெயர் தந்த அதிகாரிகளின் வரிசை. உடைந்த எழுத்துகளை நிரப்பிப் படித்தால் ஹிப்பியாஸ் (எலிஸ் நகரத்தவர் அல்லர், வேறொருவர்), கிளைஸ்தனீஸ், மில்டியாடீஸ் என்ற பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. மில்டியாடீஸின் ஆண்டு வேறு வழியில் தெரிந்திருப்பதால் கிளைஸ்தனீஸின் ஆண்டு 525/4 ஆகிறது. பிசிஸ்ட்ரேட்டஸ் குடும்பத்தாரின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் கிளைஸ்தனீஸின் குடும்பமான அல்க்மியோனியர் அந்தச் சர்வாதிகாரக் காலம் முழுவதும் நாடு கடந்தே வாழ்ந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவரிடம் அப்படிச் சொன்னது அந்தக் குடும்பத்தின் நினைவாக இருக்கலாம். சர்வாதிகாரிகளின் கீழ் பதவி வகித்ததை எந்தக் குடும்பம்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்? ஹெரோடோட்டஸின் இறுதிக்காலத்தை ஒட்டி அந்தப் பதிவு கல்லிலேயே நின்றது. அதற்கு முன்பே வேறு வடிவில் இருந்திருக்கவும் கூடும். அவர் அதைத் தேடிப் படிக்கவில்லை, ஆட்களைக் கேட்டார். அவர் தம் நூலுக்கு இட்ட ‘ஹிஸ்டோரியே’ என்ற சொல்லுக்கும் விசாரித்தறிதல் என்றே பொருள். நம் ‘வரலாறு’ என்ற சொல்லில் வந்த வழி தெரிகிறது. கிரேக்கச் சொல்லில் கேட்கிற ஆள் தெரிகிறார்.

நடந்ததை நினைவில் வைக்க உரைநடை வரும்வரை கிரேக்கர் காத்திருக்கவும் இல்லை. ஸ்பார்ட்டாவின் மெஸ்ஸீனியப் போரை டிர்டேயஸ் பாடினார், கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் சலாமிஸ் போரை நாடகமாக்கினார். கி.மு. 479இன் பிளேட்டியா போரைப் பற்றிச் சிமோனிடீஸ் பாடிய நெடும்பாட்டின் பகுதிகள் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சிதறல்களிலிருந்து 1992இல் வெளியானபோது, அண்மைக்கால நிகழ்ச்சியை எழுதியதே ஹெரோடோட்டஸின் புதுமை என்ற கருத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அயோனியாவில்தான் இந்த உரைநடை வரலாறு பிறந்திருக்க வேண்டும் என்பதற்கு மொழி ஒரு வலுவான சான்று. டோரியக் கிளைமொழி பேசிய நகரமான சிரக்கூசில் பிறந்த ஆன்டியோக்கஸ் இத்தாலியைப் பற்றி எழுதியபோது அயோனிய வழக்கிலேயே எழுதினார். அவர் நூலின் முதல் வரி எஞ்சியிருப்பதால் இது தெரிகிறது. உரைநடை என்றால் அயோனிய நடை என்ற மரபு அதற்குள் வேரூன்றிவிட்டது. கிழக்கின் பங்கு எவ்வளவு என்பதுதான் தெளிவில்லை. பாரசீகத்தின் பெஹிஸ்தூன் மலைக் கல்வெட்டில் ‘டேரியஸ் மன்னன் உரைக்கிறான்’ என்று படர்க்கையில் தொடங்கித் தன்மையில் தொடரும் வாக்கியம் பத்திக்குப் பத்தி வருகிறது. அதன் வாசகம் பேரரசு முழுவதும் அனுப்பப்பட்டது. அரமேயப் பிரதி ஒன்று எகிப்தின் எலிஃபன்டைனில் கிடைத்திருக்கிறது. டேரியஸோடு சேர்ந்து சதி செய்தவர்களின் பெயர்களை ஹெரோடோட்டஸ் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் கல்வெட்டோடு பொருந்தத் தருகிறார். பாரசீகக் குடிமகனாக வாழ்ந்த ஹெகடேயஸின் காதிலும் அந்த அரசவாக்கின் சந்தம் விழுந்திருக்கலாம். ஆனால் மன்னன் உரைத்ததை மறுப்பாரில்லை. ஹெகடேயஸோ ‘எனக்குத் தோன்றுகிறபடி’ என்று சொல்லி, மறுப்பதற்கு இடம் வைத்தார். அவரை மறுத்தவர்களும் உடனே வந்தார்கள். பல பொருள் கற்றல் அறிவைத் தராது, தருமானால் ஹெசியோடுக்கும் பித்தகோரஸுக்கும் ஸெனோபனீஸுக்கும் ஹெகடேயஸுக்கும் தந்திருக்கும் என்று எழுதிய எஃபீசஸின் ஹெராக்ளைட்டஸ், நமக்குக் கிடைத்திருப்போருள் அவருடைய முதல் விமர்சகர்.

கடைசியாக ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல். ஹெரோடோட்டஸ் கி.மு. 484இல் பிறந்தார் என்று கலைக்களஞ்சியங்கள் தயக்கமின்றி அச்சிடுகின்றன. இதன் மூலம் பாம்ஃபிலா என்ற பெண் அறிஞரின் குறிப்பு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ஆலஸ் ஜெல்லியஸ் அதை எடுத்தெழுதியதால் பிழைத்தது. பெலொப்பொனீசியப் போர் தொடங்கிய 431இல் ஹெல்லானிகஸுக்கு வயது 65, ஹெரோடோட்டஸுக்கு 53, துசிடிடீஸுக்கு 40 என்கிறது அக்குறிப்பு. ஹெல்லானிகஸ் 406இல் நடந்த அர்கினூசே போரில் துடுப்பிழுத்த அடிமைகள் விடுதலை பெற்றதைப் பதிந்திருக்கிறார். இந்தக் கணக்குப்படி அப்போது அவருக்கு வயது 90. துசிடிடீஸின் 40 என்பது ஒரு மனிதன் செழிப்பின் உச்சியில் இருப்பதாகப் பழங்காலக் காலக்கணக்கர்கள் வைத்த வயது. தெரிந்த ஒரு நிகழ்ச்சியோடு அதைப் பொருத்திப் பிறந்த ஆண்டைக் கழித்து எடுப்பது அவர்கள் வழக்கம். ஹெரோடோட்டஸைப் பொறுத்தவரை தெரிந்திருந்த நிகழ்ச்சி, தென்னித்தாலியில் அவர் குடியேறிய தூரி நகரம் நிறுவப்பட்டது. அது கி.மு. 444. அதனோடு நாற்பதைக் கூட்டினால் 484 வரும்.